பத்தரை அங்குலத்துக்கு ஓர் அடி

மேஸ்திரியிடம் இரண்டு அளவுகோல்கள் இருந்தன. ஒன்று ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவானது. பன்னிரண்டு அங்குலம் சேர்ந்தால் ஓர் அடி. இன்னொன்றை அவளே ஒரு கட்டையை இழைத்து, கோடு கிழித்துச் செய்துகொண்டாள். அதில் பத்தரை அங்குலத்திலேயே ஓர் அடி முடிந்துவிடும். முதல் கோலால் அளந்து செய்தால் அது மனுஷர்கள் புழங்குகிற சாமான். இரண்டாவது கோலால் அளந்து செய்தால் அது மாதிரி வீட்டுச் சாமான். கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை பாருங்கள். கோலை மாற்றினால் போதும், கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் எட்டில் ஒரு பங்கு தானாக இளைத்துவிடும்.

மேஸ்திரி என்றதும் மீசையைத் தேடாதீர்கள். நாற்பத்தெட்டு வயசுப் பெண்பிள்ளை அவள். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். மரவேலைக்கு வந்ததே வாடகை அறையின் தொல்லை தாங்காமல்தான். பத்துக்குப் பத்து அறையில் படுக்கை போட்டால் உட்கார இடமில்லை, உட்கார்ந்தால் சமைக்க இடமில்லை. ஒருநாள் கடுப்பில் கட்டிலுக்குக் கீல் வைத்துச் சுவரோடு தூக்கி நிறுத்தினாள். அடியில் ஒரு பலகை அடித்தாள், அது மேசையானது. பார்த்துப்போன பக்கத்து அறைக்காரி தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். அப்படித் தொற்றிக்கொண்ட தொழில் அது. ஒரு சாண் இடத்தைக் கூட வீணாக விடமாட்டாள். மாடிப்படியைக் கொடுத்தால் ஒவ்வொரு படியிலும் ஓர் இழுப்பறை வைப்பாள், கதவுக்கு மேலே இருக்கிற வெறும் சுவரைக் கொடுத்தால் நாலு பெட்டி நிற்க வைப்பாள். "இடத்தை மடக்கலாம், ஆளை மடக்க முடியாது" என்பாள். அந்த வாய்க்காகவே பாதிப் பேர் அவளிடம் வேலை கொடுத்தார்கள், மீதிப் பேர் கொடுக்காமல் ஓடினார்கள்.

அப்படிப்பட்டவள் எப்படி அந்தக் குட்டைக் கோலைக் கையில் எடுத்தாள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அடுக்குமாடி கட்டுகிற ஒரு கம்பெனி அவளைத் தேடி வந்தது. அவர்கள் கட்டடம் எழும்புவதற்கு முன்பே, மனை ஓரத்தில் ஒரே ஒரு ஃபிளாட்டை மட்டும் அச்சு அசலாகக் கட்டி, மெத்தை திரைச்சீலை எல்லாம் போட்டு, வாங்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவார்கள். அதுதான் மாதிரி வீடு. சுவர்கள் நிஜ அளவில்தான் இருக்கும், அதில் பொய் கிடையாது. சாமான்தான் இளைத்திருக்கும். சாமான் இளைத்தால் அறை கொழுத்துத் தெரியும். அலமாரியின் ஆழம் ஒரு முழம் கூட இருக்காது, சட்டையை நேராக மாட்ட முடியாது. ஆனால் மாதிரி வீட்டில் யார் போய்ச் சட்டை மாட்டப்போகிறார்கள்? அறைக் கதவுகளைக் கழற்றியே வைத்துவிடுவார்கள். திறப்பதற்கு இடம் வேண்டும் என்ற நினைப்பே பார்க்கிறவர்களுக்கு வராது.

மேஸ்திரிக்கு இதெல்லாம் உறுத்தாமல் இல்லை. உறுத்தியதை மென்று விழுங்கிவிட்டாள், அதுதான் விஷயம். நாடக மேடைக்கு அரண்மனை செய்துகொடுக்கிறவன் யாரை ஏமாற்றுகிறான், இதுவும் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறு வருஷத்தில் ஏழு மாதிரி வீடு செய்துகொடுத்தாள். வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இவளும் விடவில்லை.

இந்த லட்சணத்தில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவளுடைய அக்கா பட்டறைக்கு வந்தாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெண்கள் விடுதியில் முப்பத்தோரு வருஷம் வார்டனாக இருந்தவள். நாலடி பத்தங்குலம் உயரம். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு இருநூறு பெண்களை ஒரே இருமலில் அடக்கியவள். விடுதி வாசலை ஒட்டிய ஒற்றை அறையில்தான் அவளும் மாமாவும் குடித்தனம் செய்தார்கள். எந்த நேரமும் யாராவது கதவைத் தட்டுவார்கள். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல், ஒருத்திக்குச் சாவி தொலைந்துவிட்டது, ஒருத்திக்கு அம்மா ஞாபகம். பணி ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாடி வாடகை வீடு. தட்டினால் திறப்பதா வேண்டாமா என்று தானே முடிவு செய்கிற ஒரு கதவு வேண்டும் என்பதுதான் அவள் வாழ்நாள் ஆசை. அதற்காக, கைக்கு வந்த ஓய்வுப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தாள்.

அக்காவுக்கு டேப் பிடித்து அளக்கத் தெரியாது, அதில் நம்பிக்கையும் இல்லை. அவளுக்கு அளவென்றால் கட்டில்தான். விடுதியில் புது அறை திறந்தால் வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பாள். "இது மூணு கட்டில் ரூம். இது நாலு கட்டில், ஆனா ஜன்னலோரத்துல ஒண்ணு இடிக்கும்" என்பாள். போட்டுப் பார்த்தால் அப்படியே இருக்கும். எந்த அறையைப் பார்த்தாலும், டாக்டர் வீட்டுக் கூடமாக இருந்தாலும், அவள் வாயில் கட்டில் கணக்குதான் வரும். 

"ஏன்டி, வீடு பாத்துட்டேன்" என்று வந்தவள், ஒரு பளபளப்பான தாளை இழைப்பு மேசை மேல் போட்டாள். "ஞாயித்துக்கிழமை அங்கயே கையெழுத்து. உன்கிட்ட முதல்ல சொன்னா நொட்டை சொல்லுவேன்னுதான் முடிச்சுட்டுச் சொல்றேன்."

மேஸ்திரி படத்தைப் பார்த்தாள். படுக்கையறை. கட்டிலின் தலைமாட்டில் வாழையிலை நரம்பு மாதிரி ஓடுகிற மரக்கோடுகள். அதை ஒட்டிய கை இவளுடையது.

"நீ நேர்ல போய்ப் பாத்தியாக்கா?"

"பாக்காம? கட்டில்ல படுத்தே பாத்தேன். தாராளமா இருக்கு. ரெட்டைக் கட்டில் போக, பக்கத்துல ஒன்றரைக் கட்டில் இடம் மிச்சம். தையல் மெஷின் போட்டுக்கலாம், மாமாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி போட்டுக்கலாம்."

"அக்கா, அந்தக் கட்டில் நிஜக் கட்டில் இல்ல."

அக்கா தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். மேஸ்திரி எதையும் பூசி மெழுகவில்லை. குட்டைக் கோலை எடுத்துக் காட்டினாள், நிஜ டேப்பைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள், தான் செய்த ஏழு வீட்டையும் சொன்னாள். ரெட்டைக் கட்டில் ஆறடி அகலம் இருக்க வேண்டும், அது ஐந்தேகால் அடிதான். நீளம் ஐந்தரை அடிதான், உன் உயரத்துக்குத் தெரியாது, மாமா படுத்தால் தெரியும் என்றாள்.

அக்காவின் முகம் கறுத்தது. "முப்பத்தோரு வருஷம் கட்டில் பாத்தவடி நான். எனக்கே கட்டில் பாடமா? ஆள் பொய் சொல்லுவான், கட்டில் பொய் சொல்லாது."

"சொல்ல வெச்சது நான்தான்கா."

"உனக்கு வயித்தெரிச்சல்" என்று அக்கா சொல்லிவிட்டாள். "நீ இந்தப் பட்டறைக்குப் பின்னாடி ஒரு பொந்துல கிடக்க. எனக்கு ஒரு வீடு அமையறது உனக்குப் பொறுக்கல." தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயேவிட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேஸ்திரிக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டில் கோபம்தான் ஜெயித்தது. அக்கா மேல் இல்லை, தன் மேல்தான். மாதிரி வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவளுக்கு இத்தனை நாள் முகமில்லாதவர்கள். இப்போது அந்த முகத்துக்கு அக்காவின் மூக்கும் அக்காவின் கண்ணாடியும் வந்துவிட்டன.

மறுநாள் மாமாவே வந்தார். ஆறடி ஓர் அங்குலம். பேசுவது குறைவு. வாசலில் தலையைக் குனிந்து நுழைந்து, ஸ்டூலில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

"உங்கக்கா சாப்பிடல" என்றார். "நீ சொன்னது நிஜமாம்மா?"

"நிஜம் மாமா."

"அப்ப நான் கால மடக்கிப் படுத்துக்கறேன். பரவால்ல. அவளுக்கு ஒரு வீடு வேணும்."

"நீங்க மடக்கிப்பீங்க மாமா. அந்த ரூம்ல நிஜக் கட்டில் போட்டா கதவே பாதிதான் திறக்கும். அலமாரி வெச்சா அலமாரி திறக்காது. மெஷின் வேற, நாற்காலி வேற. மொத்தப் பணத்தையும் போட்டுட்டு அவ தினம் அந்தச் சந்துல ஒருக்களிச்சு நடப்பா. தப்புக் கணக்குப் போட்டுட்டேன்னு வாயைத் திறந்து சொல்லவும் மாட்டா. உங்களுக்குத் தெரியாதா அவளை?"

மாமாவுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் மரத்தூளைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். "உன் டேப்பை அவ நம்பமாட்டா" என்றார்.

"டேப்பை நம்ப வேண்டாம். கட்டிலை நம்புவா இல்ல? வீட்டுல இருக்கே, விடுதி இரும்புக் கட்டில் ரெண்டு. அதைக் கொடுங்க."

விடுதியில் கழித்துப்போட்ட கட்டில்களில் இரண்டை அக்கா கேட்டு வாங்கி வந்திருந்தாள். ஆறேகால் அடி நீளம், மூன்றடி அகலம். அவற்றின் மேல்தான் இருவரும் இன்றைக்கும் தூங்குகிறார்கள். மாமா மேஸ்திரியைப் பார்த்தார். அவர் சிரித்து அவள் அதிகம் பார்த்ததில்லை, அன்றைக்குச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா பத்திரமும் கையுமாகப் பஸ் ஏறியதுதான் தாமதம், சின்ன லாரி ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்றது. பின்னால் வருகிறேன் என்று தங்கிவிட்ட மாமாவும் மேஸ்திரியும் கட்டில்களைக் கழற்றி ஏற்றினார்கள். லாரியில் ஏற்கெனவே ஒரு கதவு கிடந்தது. மாதிரி வீட்டுப் படுக்கையறையிலிருந்து கழற்றி, மேஸ்திரியின் பட்டறைச் சுவரில் சாத்தி வைத்திருந்த கதவு அது. அக்கா இரண்டு பஸ் மாற வேண்டும், வழியில் நகல் எடுக்க வேண்டும். லாரிக்கு அந்த வில்லங்கம் இல்லை.

மனை வாசலில் காவலாளிக்கு அவளை நன்றாகத் தெரியும். "என்ன மேஸ்திரி, ஞாயித்துக்கிழமையுமா?"

"கட்டில் மாத்தணும்" என்றாள். பொய்யில்லையே. அவன் கேட்டைத் திறந்துவிட்டான்.

தான் பூட்டிய போல்ட்டைத் தானே கழற்ற எவ்வளவு நேரமாகும்? கால் மணி நேரத்தில் இளைத்த கட்டிலைப் பிரித்து, ஹாலில் கொண்டுபோய் மறுபடி பூட்டினாள். மெத்தையையும் அதன் மேல் போட்டாள். படுக்கையறையில் இரும்புக் கட்டில்கள் இரண்டையும் ஒட்டிப் போட்டாள். பிறகு நிலையில் கதவை மாட்டித் திறந்து பார்த்தாள். பாதி வழியில் கட்டில் காலில் முட்டி நின்றது. அதற்குள் சுற்றிப் பார்க்க ஜனங்கள் வந்துவிட்டார்கள். ஒரு புதுத் தம்பதி, கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், ஓய்வு பெற்ற மாதிரி இருந்த ஒருவர். அவர்கள் ஹாலில் கிடக்கிற கட்டிலையும் உள்ளே இருக்கிற இரும்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது விற்பனை மேலாளர் கழுத்து டை பறக்க ஓடிவந்தார். மேஸ்திரி அவரை டைக்காரர் என்றுதான் சொல்வாள்.

"மேஸ்திரிம்மா, என்னம்மா இது கூத்து?"

"வீட்டை வீடு மாதிரி காட்டறேன் சார்."

அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தாள். மாமாவைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். இரண்டு பேரையும் வெட்டிவிடுகிற பார்வை. பிறகு படுக்கையறை வாசலுக்குப் போய்க் கதவைத் தள்ளினாள். கதவு முட்டியது. அந்த இடைவெளியில் நின்று, தினம் தான் துணி விரித்துத் தூங்குகிற கட்டில்களைப் பார்த்தாள். நீளத்தைப் பார்த்தாள், பக்கத்தில் மிஞ்சிய இடத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பக்கத்துல ஒரு கட்டில் இடம்" என்றாள் மெதுவாக. "ஒன்றரை இல்ல. அலமாரி வெச்சா அதுவும் போச்சு." கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நின்றாள்.

டைக்காரர் விடவில்லை. "மேடம், இதெல்லாம் பழங்காலத்து ஹாஸ்டல் கட்டில். இப்ப மாடர்ன் வீடு, மாடர்ன் அளவு. குறைஞ்ச இடத்தை எவ்வளவு திறமையா யூஸ் பண்ணியிருக்கோம்னு பாருங்க."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "ஏங்க, அந்த மாடர்ன் கட்டில்ல கொஞ்சம் படுங்க" என்றாள்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லார் முன்னாலும், ஹாலில் கிடந்த கட்டிலில் சாவகாசமாக நீட்டிப் படுத்தார். பாதம் இரண்டும் மெத்தையைத் தாண்டி வெளியே தொங்கின. புதுத் தம்பதியில் அந்தப் பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். அவள் கணவன் சிரிக்கவில்லை, அவனும் நல்ல உயரம்.

"சார் கொஞ்சம் ஹைட்டு" என்றார் டைக்காரர்.

"கல்யாணத்தப்பவும் இதே உயரம்தான். அதைப் பாத்துதான் கட்டிக்கிட்டேன். உங்க கட்டிலுக்காக அவரை வெட்டிக்க முடியாது."

டைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கோபமெல்லாம் மேஸ்திரி பக்கம் திரும்பியது. "உன்னை உள்ளே விட்டது எங்க தப்பு. இனிமே எங்க கம்பெனி பக்கமே தலைவெச்சுப் படுக்காத. வேற எந்தக் கம்பெனியும் உன்னைக் கூப்பிடாம நான் பாத்துக்கறேன்."

"கூப்பிட வேண்டாம் சார். நானே எல்லா கம்பெனிக்கும் போய்ச் சொல்லிடறேன், உங்களுக்கு அந்தச் சிரமம் எதுக்கு" என்றாள் மேஸ்திரி. வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "சின்ன ரூம்ல குடியிருக்கறது தப்பே இல்லைங்க. நானும் பத்துக்குப் பத்துலதான் இருக்கேன், ராணி மாதிரி இருக்கேன். எட்டடி ரூமை எட்டடின்னு காட்டினா, அதுல எப்படிப் பொழைக்கறதுன்னு நான் வழி சொல்லுவேன். எட்டடியை ஒம்பதடின்னு காட்டினா யாராலயும் பொழைக்க முடியாது. இந்தக் கட்டில், அந்த அலமாரி, சாப்பாட்டு மேசை, எல்லாமே எட்டுல ஒரு பங்கு குறைச்சுச் செஞ்சது. செஞ்சது நான். நம்பாட்டி இந்தாங்க டேப்."

ஓய்வு பெற்றவர் மறுபேச்சில்லாமல் டேப்பை வாங்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார். கைக்குழந்தைக்காரர் சாண் வைத்து மேசையை அளக்க, மற்றவர்களும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். டைக்காரர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டே வெளியே போனார்.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. பத்திரத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு லாரியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். மாமா பின்னால் கட்டில்களோடு உட்கார்ந்தார். வயித்தெரிச்சல் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்பாள் என்று மேஸ்திரி ஓரமாக ஓர் ஆசை வைத்திருந்தாள்.

"ஏழு வீடுன்னு சொன்ன இல்ல?" என்றாள் அக்கா.

"ஆமாம்."

"அந்த ஏழையும் பாத்து எத்தனை பேர்டி வாங்கியிருப்பாங்க?"

மேஸ்திரிக்குத் தெரியவில்லை. யோசித்ததும் இல்லை. ஏழு மாதிரி வீடு என்றால் ஏழு கட்டடம், ஒவ்வொன்றிலும் நாற்பது ஐம்பது ஃபிளாட்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, லாரி வெச்சுக் கட்டில் கொண்டுவந்து காட்டினா. அவங்களுக்கு யாரு காட்டினா?" அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நல்லா இருக்குடி உன் நியாயம். உன் அக்கான்னா பத்திக்கிட்டு வருது. ஊரான் வீட்டுக் கதவு முட்டினா உனக்கென்ன."

அன்றைக்கு டைக்காரர் சொன்னது எதுவும் அவளைத் தைக்கவில்லை, இது தைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி, தன்னுடைய முதல் மாதிரி வீட்டைக் காட்டிக் கம்பெனி விற்ற கட்டடத்துக்குப் போனாள். அக்காவும் வந்தாள், நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக, விடுதியில் வருகைப் பதிவு எடுக்கப் போகிற தோரணையில். முதல் மாடி, முதல் கதவு. திட்டுவார்கள், போலீசுக்குப் போவார்கள், அடிக்கவே வந்தாலும் வரலாம். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் மேஸ்திரி போயிருந்தாள். அக்கா எட்டி மணியை அடித்தாள்.

முப்பது வயசுப் பெண் ஒருத்தி திறந்தாள். ஹாலின் நடுவில் பெரிய மரக்கட்டில் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டுதான் யாரும் சமையலறைக்குப் போக முடியும். 

"என்ன வேணும்?"

"உங்க படுக்கையறையைப் பத்தி ஒண்ணு கேக்கணும்மா" என்றாள் மேஸ்திரி. "கட்டில் ஏன் ஹால்ல கிடக்கு?"

அந்தப் பெண் முகம் சிவந்தது. யாரோ குற்றம் கண்டுபிடித்துவிட்ட மாதிரி சிரித்தாள். "அதை ஏங்க கேக்கறீங்க. கடையில நான்தான் பாத்து வாங்கினேன். அளவு தெரியாம பெரிசா வாங்கித் தொலைச்சுட்டேன். உள்ள போட்டா கதவு திறக்கல. மூணு வருஷமா எங்க வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் குத்தறார். இவர் மட்டுமில்ல, மாடியில பாதி வீட்டுல இதே சண்டைதான்."

மேஸ்திரி நிலையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவளைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 

"கட்டில் சரியான அளவுதான்மா" என்றாள் மேஸ்திரி. "நீங்க ஒரு தப்பும் பண்ணல. வாங்கறதுக்கு முன்னாடி உங்களுக்குக் காட்டினாங்களே ஒரு கட்டில், அதுதான் பொய். அந்தக் கட்டிலைச் செஞ்சது நான்."

அந்தப் பெண்ணுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிரிப்பு மறைந்தது. மேஸ்திரியை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திரும்பி, வீட்டுக்குள்ளே பார்த்து, மூன்று வருஷமாக எடுக்காத குரலை எடுத்தாள்.

"ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க. கட்டில் சரிதானாம்."